ஈயக் குழாய் விசாரணை

எலியாவுக்காகத் திறந்து வைத்த கதவு வழியே
என் தம்பி வெளியேறினான்.
நான்காவது கோப்பை இன்னும் ஊற்றியிருக்கவில்லை.
தூரத்துப் போர் ஒன்று
குதிரைமுள்ளங்கிக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே
மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு ஜெபக்கூடத்திலும் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.
ரபி எந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னார் என
இரு தரப்பும் விரல் மடக்கி எண்ணியது.
ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்.
மில்வாக்கியில் கூத்தாடியும்
ஏதோ ஒரு பக்கம் சேர்ந்துவிட்டான்.

முற்போக்கு யூதர்கள் பதினோரு பேர் நாங்கள்.
ஓஸ்னாட் வீட்டு நிலவறையில் கூடி
உலகத்துக்கு அறிக்கை எழுதுவோம்.
ஒரு காற்புள்ளியின் பொருட்டு இருவர் விலகினார்கள்.
"ஒன்பது பேர். ஜெபத்துக்கே பத்துப் பேர் வேண்டுமே"
என்று சிரித்தது ஃப்ரூமாதான்.
சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:
"உலகம் கொஞ்சம் இருக்கட்டும்.
முப்பத்தோராம் தெருவில் தண்ணீரில் ஈயம்."

அப்படித்தான் நவம்பரில்
ஏரிக்காற்று விரலைக் கடிக்க
அறுபத்திரண்டு வீடுகளின் பட்டியலோடு நடந்தோம்.
சிலர் திரைச்சீலையை மட்டும் அசைத்தார்கள்.
ஒருவர், நாங்கள் மதம் பரப்ப வந்ததாக எண்ணி
தனக்கு ஏற்கெனவே இயேசு இருப்பதாகச் சொன்னார்.
நல்லது, தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

மாய் யாங் கதவைத் திறந்தாள்.
இடுப்பில் குழந்தை.
குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளில்
அவன் இரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு: எட்டு.
நாங்கள் எந்தக் கட்சி என்று அவள் கேட்கவில்லை.
எப்போது தோண்டுவார்கள் என்று கேட்டாள்.
எத்தனையோ அறிக்கை எழுதிய எனக்கு
அதற்குப் பதில் தெரியவில்லை.

நகர மண்டபம், மூன்றாம் மாடி.
ஆளுக்கு இரண்டு நிமிடம்,
முடிந்தால் சிவப்பு விளக்கு.
எனக்கு முன்னால் வரிசையில் ஹெர்ஷ் பிளாட்னிக்:
நாற்பது வருடம் பிளம்பர்,
ஜெபக்கூடத்துச் செய்திமடலில்
பெயர் போடாமல் என்னைத் துரோகி என்று எழுதியவர்.
அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று
வயிற்றைப் பிசைந்தது.

பையிலிருந்து வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றை எடுத்தார்.
ஒலிவாங்கி அருகே பிடித்துச்
சாவியால் கீறினார்.
அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.
சாம்பல் நிறத்துக்குள் வெள்ளியாய் ஒரு கோடு.
"இதை நானேதான் போட்டேன்" என்றார்.
"எழுபத்தொன்பதில் பழுது பார்த்தபோது
எடுத்திருக்கலாம்.
வீட்டுக்காரன் காசு தரவில்லை. நானும் ஒட்டு..."

சிவப்பு விளக்கு.

என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய பேச்சு
கோட்டுப் பையில் மடிந்து கிடந்தது.
"என் இரண்டு நிமிடத்தையும் அவருக்கே கொடுக்கிறேன்" என்றேன்.
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
"...நானும் ஒட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்"
என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மூன்றுக்கு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.
முதல் கட்டத்தில் எங்கள் நான்கு தெருக்கள்.
யாரும் கட்டிக்கொள்ளவில்லை.
ஓஸ்னாட் மட்டும் மூக்கைச் சிந்தினாள்;
சளி என்றாள்.

ஹெர்ஷ் இன்னும் என்னோடு பேசுவதில்லை.
சனிக்கிழமை மத்தி மீன் தட்டை
நடுவில் நிற்பவர் மூலமாக நகர்த்துகிறார்.
தம்பியும் கூப்பிடவில்லை.
போர் நிற்கவில்லை.
அடுத்த விசாரணை பேருந்துத் தடம் பற்றியது,
பட்டியலில் இன்னும் பதினேழு வீடுகள்.

வசந்தத்தில் தோண்டுவார்களாம்.
அதுவரை, குடிக்கும் முன்
மூன்று நிமிடம் குழாயைத் திறந்துவிடச் சொல்கிறார்கள்.
காலையில் கெட்டிலோடு நின்று எண்ணுகிறேன்.
இந்த நகரம் ஒருத்திக்குப் பேசத் தருவதைவிட
ஒரு நிமிடம் அதிகம்.